திருகோணமலை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் நால்வருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். இந்த மாவட்டப் பாடசாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறும் குடியியலும் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் எடுத்த சில பிள்ளைகள் இப்போதும் பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வருவார்கள். போன மாதம் வலுவேறாக்கம் பாடம் நடந்தது. சட்டவாக்கம், நிறைவேற்றம், நீதி என்று அதிகாரத்தை ஏன் பிரித்து வைக்கிறோம், ஒன்று எல்லை மீறினால் மற்றது எப்படி மறிக்கும் என்று சொல்லிக்கொண்டு போனேன். இந்தக் கருத்தை எழுதிய பிரெஞ்சு அறிஞர் மொண்டெஸ்கியூவில் தொடங்கி எங்கள் 1978 அரசியலமைப்பின் 4ஆம் உறுப்புரை வரை வந்தாயிற்று. அப்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், எங்கட மாகாணத்தில சட்டம் ஆக்கிறது ஆர்?"

மாகாண சபை என்றேன்.

"அது எப்ப கூடும்?"

கிழக்கு மாகாண சபை கடைசியாகக் கூடிய காலத்தில் அவளுக்கு எட்டோ ஒன்பதோ வயது. பாடப்புத்தகத்தில் இருக்கிற, ஆனால் வெளியே எங்கும் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் படிப்பித்திருக்கிறேன் என்று அப்போது உறைத்தது. அந்தப் பிள்ளைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாததால்தான் இந்த மடல்.

உங்களில் இருவர் ஆளுங்கட்சி வரிசையிலும் இருவர் எதிர்க்கட்சி வரிசையிலும் இருக்கிறீர்கள். மூன்று கட்சிகள். அதனால்தான் தனித்தனியாக எழுதாமல் நால்வருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அதற்கான கடைசித் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பர் 8. கணக்குப் பார்த்தால், 1995இலோ அதன் பிறகோ பிறந்த எவருமே கிழக்கு மாகாண சபைக்கு ஒரு முறைகூட வாக்களித்ததில்லை. கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்துவிட்டவர்களும் இதில் அடக்கம். அரசியலமைப்பில் மாகாண சபைகளை உண்டாக்கிய 13ஆவது திருத்தம் 1987 நவம்பரில் வந்தது. அன்று முதல் இன்று வரை கிழக்கு மக்களுக்குத் தெரிவு செய்யப்பட்ட மாகாண சபை ஒன்று இருந்தது, 1988 கடைசியில் தொடங்கி 1990 வரை ஒரு குறுகிய காலம், பிறகு 2008 மே முதல் 2017 செப்டம்பர் வரை. அவ்வளவுதான். மற்ற வருடங்கள் எல்லாம் கொழும்பில் இருந்து நியமிக்கப்பட்டவர்களே நடத்தினார்கள்.

சபை இல்லாவிட்டால் மாகாணம் நின்றுவிடும் என்று யாராவது நினைத்தால் அது தவறு. பாடசாலை திறக்கிறது, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறார்கள், வாகன வரிப்பத்திரம் எடுக்கப் போனால் எடுக்கலாம். சபை இல்லாததன் குறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அரசியலமைப்பின்படி மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. அவரை நியமிப்பவர் சனாதிபதி. சனாதிபதி விரும்பும்வரைதான் அவருக்குப் பதவி. இது சமநிலையாக இருக்க வேண்டும் என்றுதான் பக்கத்தில் முதலமைச்சரையும் அமைச்சர் சபையையும், அவர்களைக் கேள்வி கேட்க 37 உறுப்பினர்களையும் வைத்தார்கள். அதில் பத்துப் பேர் நம் மாவட்டத்தில் இருந்து. இப்போது அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. வருடாந்தச் செலவுத் திட்டத்தை அதிகாரிகள் தயாரிக்கிறார்கள், ஆளுநர் ஒப்புதல் தருகிறார். விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. 2017இல் இருந்து சபை ஆக்கிய புதிய நியதிச்சட்டம், அதாவது மாகாணத்துக்கான சட்டம், ஒன்றுகூடக் கிடையாது.

ஆளுநராக வந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. சபை கலைந்த பிறகு ஐந்தாறு பேர் அந்தக் கதிரையில் மாறியிருக்கிறார்கள். ஒருவர் வந்து ஊரின் பேரையும் பிரச்சினையையும் விளங்கிக்கொள்ளும்போது அடுத்தவரின் பெயர் வர்த்தமானியில் வந்துவிடும். சிலர் மனம்வைத்து வேலை செய்தார்கள், மக்களை நேரில் சந்தித்தார்கள். ஆனால் ஒரு நல்ல மனிதர் வரவேண்டும் என்று கோயிலில் நேர்த்தி வைத்துக் காத்திருக்கிற நிலை குடிமக்களுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தானே இந்த வலுவேறாக்கமே உண்டானது?

ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் கொட்டியாரக்குடாவுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிற சிறிய பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் இல்லை. இரண்டு தவணையாக இல்லை. பெற்றோர் என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு கந்தோருக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், தேத்தண்ணியும் தந்தார். இடமாற்றப் பட்டியல் தயார், மேலிடத்து ஒப்புதல் வரவேண்டும் என்றார். எந்த மேலிடம் என்று கேட்டேன். இன்னொரு கந்தோரின் பெயரைச் சொன்னார். அங்கே போனோம். அவர்கள் அதற்கும் மேலே கைகாட்டினார்கள். மூன்றாவது இடத்தில், கடிதத்தை வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அந்த வருடம் சாதாரணதரம் எழுதிய பிள்ளைகள் விஞ்ஞானத்தை ஆசிரியர் இல்லாமலேதான் எழுதினார்கள்.

சபை இருந்த காலத்தில் கல்வி அமைச்சர் நம் மாவட்டத்துக்காரராக இருந்ததும் உண்டு. சந்தியில் கண்டாலும் மறித்துக் கேட்கலாம். அவர் செய்யாவிட்டால் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரிடம் சொன்னால் போதும், அடுத்த அமர்வில் கேள்வியாக எழும்பும். அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், சொன்னது பதிவாகும். அரசியல் விஞ்ஞானப் புத்தகத்தில் 'பொறுப்புக்கூறல்' என்று ஒரு பெரிய சொல்லாக இருப்பது கிராமத்தில் இப்படித்தான் நடக்கும். மூன்று கந்தோர் ஏறி இறங்கிய அந்தத் தாய்மாருக்கு அது கிடைக்கவில்லை.

2021 நவம்பர் 23ஐ நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தண்ணீரில் போனார்கள். பாலம் யாருடைய பொறுப்பு, படகுக்கு அனுமதி கொடுத்தது யார், பாதுகாப்பைப் பார்க்க வேண்டியது யார் என்று அன்று ஊர் முழுக்கக் கேட்டது. மாகாண சபை இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் உயிரோடு இருந்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது அந்தத் தாய்மாருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் உள்ளூராட்சி மாகாணத்துக்கு உரிய விடயம். அதை மேற்பார்வை செய்பவர்களைச் சபையில் எழுப்பிக் கேட்க, கிண்ணியாவில் இருந்தோ மூதூரில் இருந்தோ தெரிவான ஒரு மாகாண சபை உறுப்பினர்கூட அன்று இல்லை.

சரி, இந்தக் கதவு எப்படிப் பூட்டுப்பட்டது என்று பார்ப்போம். இதை நான் பிள்ளைகளுக்குப் பாடமாகவே நடத்துகிறேன், ஏனென்றால் தடைகளும் சமன்படுத்தல்களும் எப்படிக் கழன்றுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2017இல் அன்றைய அரசாங்கம் எல்லா மாகாண சபைத் தேர்தல்களையும் ஒரே நாளில் நடத்துவதற்கு ஒரு அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்தது. அதற்குச் சர்வசன வாக்கெடுப்பும் தேவை என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தடை சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் அதே வாரம், செப்டம்பர் 20ஆம் திகதி, வேறொரு சட்டமூலம் பாராளுமன்றத்தில் எடுக்கப்பட்டது. மாகாண சபைத் தேர்தல் வேட்புமனுவில் பெண்களுக்கு 30 சதவீதம் ஒதுக்கும் சிறிய திருத்தம் அது. நல்ல திருத்தம். சட்டமூலத்தை வாசகம் வாசகமாகத் திருத்தும் குழுநிலையில் வைத்து அதற்குள் பக்கம் பக்கமாகப் புதிய விடயங்களைச் செருகினார்கள். கட்சி எடுத்த வாக்கின் அளவுக்கு ஆசனம் கொடுக்கும் விகிதாசார முறை போய், அதோடு தொகுதிக்கு ஒருவரையும் தெரிவு செய்யும் கலப்பு முறை வந்தது, அந்தத் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் முடியாமல் தேர்தல் வைக்க முடியாது என்றாகியது. அன்றே நிறைவேற்றினார்கள்.

நம் நாட்டில் ஒரு சட்டமூலத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடிவது அது சட்டமாவதற்கு முன்னர் ஒரு குறுகிய காலத்துக்குள் மட்டும். சபாநாயகர் கையெழுத்து வைத்துவிட்டால் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது. 80ஆம் உறுப்புரை சொல்கிறது. அப்படியென்றால் குழுநிலையில் செருகியதை மக்கள் எப்போது போய்க் கேட்பது? கேட்கும் காலத்தில் அது சட்டமூலத்தில் இல்லை. அது வந்து சேர்ந்தபோது கேட்கும் காலம் முடிந்துவிட்டது. நீதித்துறை என்ற காவல்காரனை வாசலில் நிறுத்திவிட்டுப் பின்பக்கத்தால் சாமானை ஏற்றிய மாதிரி.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கவலை. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிராக வாக்களித்தார். பிறகு பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு, இரண்டு மாதத்தில் அறிக்கை என்றார்கள். வரவில்லை. 2019இல் பழைய முறையில் தேர்தல் வைக்கலாமா என்று சனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் அபிப்பிராயம் கேட்டார். பழைய சட்டம் நீக்கப்பட்டுவிட்டது, முடியாது என்று பதில் வந்தது. ஆக, பழைய சட்டம் இல்லை, புதிய சட்டம் வேலை செய்யாது. நடுவில் ஒன்பது மாகாணமும் சபை இல்லாமல் கிடக்கிறது. இதில் ஒரு துறை பிழைவிட்டால் மற்றது திருத்த வேண்டும். திருத்தக்கூடிய ஒரே இடம் இப்போது பாராளுமன்றம்தான். அதனால்தான் ஆளுநருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சிலர் சொல்வார்கள். 2023இல் உள்ளூராட்சித் தேர்தலுக்கு என்ன நடந்தது? மார்ச் 9ஆம் திகதி தேர்தல் என்று குறித்தார்கள். திறைசேரி காசு விடவில்லை. காசைத் தடுத்து வைக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை போட்டது. அதன் பிறகும் தேர்தல் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பு வந்தது 2024 ஓகஸ்டில், வாக்களித்தது 2025 மே 6இல். கட்டளை போடத்தான் நீதிமன்றத்தால் முடியும், பெட்டகத்தின் திறப்பு அதன் கையில் இல்லை. அதுவும் அங்கே தேர்தல் சட்டம் என்று ஒன்று இருந்தது. மாகாண சபைக்கு அதுவுமே இல்லை.

இன்னொரு தீர்ப்பையும் இங்கே ஞாபகப்படுத்த வேண்டும். வடக்கும் கிழக்கும் ஒன்றாக இருந்த மாகாணத்தை உயர் நீதிமன்றம் 2006 ஒக்டோபரில் பிரித்தது. என்னைப் போன்ற பலருக்கு அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் வலிக்கும். உங்களில் சிலருக்கு அது நிம்மதியாக இருந்திருக்கலாம், அதை இங்கே வாதாட வரவில்லை. ஆனால் அதன் காரணம் என்ன? பாராளுமன்றம் ஆக்கிய சட்டத்தை ஒரு சனாதிபதி அவசரகால விதியைக் கொண்டு மாற்ற முடியாது என்பதுதான். நிறைவேற்றுத்துறை சட்டவாக்கத்தின் வேலையைச் செய்யக்கூடாது என்று சொல்லி எங்கள் மாகாணத்தையே பிரித்தார்கள். அந்த அளவுகோல் சரியென்றால், பிரித்தெடுத்த அதே மாகாணத்தில் நிறைவேற்றுத்துறையின் பிரதிநிதி ஒருவரே இத்தனை வருடமாகச் சபையின் இடத்தையும் நிரப்பிக்கொண்டிருப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

2012இல் வாழ்வாதார உதவித் திட்டங்களை மத்திய அரசின் ஒரு திணைக்களத்தின் கீழ் கொண்டுவரும் திவிநெகும சட்டமூலம் வந்தபோதும் இந்தக் கேள்வி வந்தது. மாகாண விடயங்களைத் தொடுவதால் ஒவ்வொரு மாகாண சபையின் கருத்தும் வேண்டும். வடக்கில் அப்போது சபை இல்லை, ஆளுநர் சம்மதம் கொடுத்தார். ஆளுநரின் சம்மதம் சபையின் சம்மதம் ஆகாது என்று உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அதன் பிறகு பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராகக் குற்றப்பிரேரணை வந்து, 2013 சனவரியில் அவரை அனுப்பிவிட்டார்கள். ஒரு தடையைத் தடையாக வைத்திருப்பதற்கு நாட்டின் தலைமை நீதிபதியே அப்படி விலை கொடுத்திருக்கிறார்.

இனி நான் சொல்வது திருகோணமலைக்கு மட்டும் உரிய ஒன்று. 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு பிரதமரை நீக்கி, நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தையே கலைத்து வர்த்தமானி வந்தது. கட்சிகளும் அமைப்புகளும் உயர் நீதிமன்றம் போயின. இன்று ஆட்சியில் இருப்பவர்களின் மூலக் கட்சியான ஜே.வி.பி.யும் போனது. டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் ஒரே குரலில், நாலரை வருடம் முடிவதற்கு முன் மூன்றில் இரண்டு பெரும்பான்மைத் தீர்மானம் இல்லாமல் சனாதிபதி கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள். அந்த வழக்கு யாருடைய பெயரில் சட்டப் புத்தகங்களில் நிற்கிறது தெரியுமா? சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர். இந்த மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த நம் ஊர் சம்பந்தன் ஐயா. அவருடைய அரசியலோடு ஒத்துப்போகாதவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். நானும் சில காலம் கோபப்பட்டவள்தான். ஆனால் 225 பேரின் கதிரையை மீட்டுத்தந்த வழக்கின் தலைப்பில் ஒரு திருகோணமலைக்காரரின் பெயர் இருக்கிறது. அவர் 2024 யூன் 30ஆம் திகதி கண்ணை மூடும்போது அவருடைய சொந்த மாகாணத்தின் சபை பூட்டிக் கிடந்தது. அந்தப் பாராளுமன்றத்தில் அவர் அமர்ந்த மாவட்டத்தின் பெயரால் இப்போது அமர்ந்திருப்பவர்கள் நீங்கள்.

மாகாண சபை இருந்தபோது என்ன கிழித்தது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இடமாற்றத்தில் அரசியல் நடந்தது. ஒரே தேர்தலில் தெரிவான சபைக்குள் முதலமைச்சர் மாறினார், கூட்டணி மாறியது. வாகனமும் பந்தாவும் பார்த்துச் சனத்துக்கு வெறுத்துப் போனது. எல்லாம் உண்மை. ஆனால் அதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது? சபையில் ஒருவர் மற்றவரைப் போட்டுக் கொடுத்ததால்தான், பத்திரிகையாளர்கள் பார்வையாளர் பகுதியில் இருந்து கேட்டு எழுதியதால்தான். இன்றைக்கு மாகாணத்தில் ஒரு பிழை நடந்தால் அதைக் கேட்டு எழுத ஒரு அமர்வு இல்லை.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறதே என்பீர்கள். அங்கே நீங்கள் சத்தம் போட்டுக் கேட்பதைக் காணொளியில் பார்த்திருக்கிறேன், சில நேரம் சந்தோசமாகவும் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்குவது ஆளுங்கட்சி. அது வரவுசெலவை நிராகரிக்க முடியாது, நியதிச்சட்டம் ஆக்க முடியாது, பதில் சொல்லாத அதிகாரியின் மேலே இருப்பவரை மாற்ற முடியாது. சட்டம் ஆக்கப் போனவர்கள் அங்கே நிருவாகம் செய்ய வேண்டியிருக்கிறது. உங்களுக்கும் அது பாரம்.

புதிய அரசியலமைப்பு வரும், அதுவரை பொறுங்கள் என்ற பதிலை மட்டும் தயவுசெய்து தராதீர்கள். நிறைவேற்று சனாதிபதி முறையை ஒழிப்போம் என்ற வாக்குறுதியை 1994இல் இருந்து கேட்கிறேன். அப்போது நான் இளம் ஆசிரியை. அது வரட்டும், வந்தால் கைதட்டுவேன். ஆனால் இதற்கு அது தேவையில்லை. 2017 திருத்தத்துக்கு முன் இருந்த விகிதாசார முறையில் ஒரு தடவை தேர்தல் நடத்த இடம்கொடுக்கும் சிறிய சட்டம் ஒன்று போதும். பெண்களுக்கான ஒதுக்கீட்டை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதை இழக்கக்கூடாது. இப்படியான திருத்தம், அரசாங்கம் அல்லாமல் ஒரு உறுப்பினர் தானே கொண்டுவரும் தனிநபர் சட்டமூலமாக முன்வைக்கப்பட்டும் இருக்கிறது. 2024 தேர்தலில் அரசாங்கம் 159 ஆசனங்களைப் பெற்றது. வாக்கு போதாது என்று சொல்ல இடமில்லை.

ஆளுங்கட்சியில் இருக்கும் இருவரும் உங்கள் குழுக் கூட்டத்தில் இதைத் திகதியோடு கேளுங்கள். எதிர்க்கட்சியில் இருக்கும் இருவரும் வாய்மூல வினாவாகப் போடுங்கள். அதற்கும் முன்னால் நால்வரும் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்து, திருத்தச் சட்டத்தை எந்த மாதம் எடுப்பீர்கள் என்று அரசாங்கத்திடம் கேளுங்கள். குழுநிலையில் எதையும் செருகாமல், வர்த்தமானியில் வந்த சட்டமூலத்தையே நிறைவேற்றுங்கள் என்றும் அதில் எழுதுங்கள். மூன்று கட்சி, ஒரு மாவட்டம், நாலு கையெழுத்து. இந்த ஊரில் அது நடந்து நாங்கள் பார்க்க வேண்டும்.

இந்த மடலின் பிரதியை வரும் திங்கட்கிழமை உங்கள் நால்வரின் மக்கள் தொடர்பு அலுவலகங்களிலும் கொண்டுவந்து தருவேன். தமிழிலும் சிங்களத்திலும் இருக்கும். சிங்களப் பிரதியை என்னிடம் படிக்கிற பிள்ளைகளே எழுதினார்கள். பதிலை எழுத்தில் தாருங்கள். கேள்வி கேட்ட பிள்ளை இந்த வருடம் பரீட்சை எழுதுகிறாள். உங்கள் பதில் அதற்கு முன் வந்தால் விறாந்தையில் வைத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடியியல் ஆசிரியை,
திருகோணமலை.